புறக்கடைக் கோழியின் வரலாறு: மார்த்தாண்டமும் ஒற்றசேகரமங்கலமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாள் தயங்கினோம். மூவேந்தர் வரலாற்றையும் கோயில் வரலாற்றையும் எழுத வல்ல அறிஞர் நம்மிடையே பலர் உளர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். நாம் நன்கறிந்த வரலாறு ஒன்றே ஒன்று. அது எம் வீட்டுப் பெண்டிர் புறக்கடையில் வளர்த்த கோழியின் வரலாறு.

அன்பர்கள் சிரிக்க வேண்டா. முட்டை விற்ற காசில் எம் தந்தையார் பள்ளிக் கட்டணம் செலுத்தினார். அந்தப் படிப்பினால் இரயில்வேயில் வேலை பெற்றார். அந்த வேலையினால் நாம் இக்காலனியில் வளர்ந்தோம். இங்கு வாழும் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், ஊரில் விட்டு வந்த ஒரு பசுவோ, ஒரு பனையோ, ஒரு தறியோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதற்படியாய் இருந்தமை புலப்படும். எம் குடும்பத்துக்கு அது கோழி.

எம் தந்தைவழி ஊர் ஒற்றசேகரமங்கலம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், பழைய நெய்யாற்றின்கரைத் தாலுக்காவைச் சேர்ந்த சிற்றூர். மகாதேவர் கோயிலும், தென்னையும், இரப்பர் மரமும், மரச்சீனி விளையும் உடைய ஊர். கிழக்கே அகத்தியமலைத் தொடர் தெரியும். தெற்கே சில கல் தொலைவில் தமிழ்நாட்டு எல்லை. பாறசாலை, வெள்ளறடைப் பக்கங்களைப் போலவே இங்கும் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசப்படும். இவ்வூரில் எம் பாட்டியாருக்கு நாற்பது சென்று புரையிடம் இருந்தது. அதன் புறக்கடையில் தொடங்குகிறது நம் கதை.

காட்டிலிருந்து வீட்டுக்கு

வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது அறிவியலார் முடிவு. அது முதன்முதல் மனிதரோடு வாழத் தொடங்கியது தென்கிழக்கு ஆசியாவில் என்றும், தாய்லாந்து நாட்டின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக் கோழியுடையவை எனக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழமையானவை என்றும் 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரை. காட்டுக்கோழியை ஊருக்குள் இழுத்தது வேட்டை அன்று. களத்தில் சிந்திய நெல்லும் தினையுமே என்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர். மனிதன் கோழியைப் பிடித்தான் என்பதினும், தானியத்தைத் தேடிக் கோழி தானே மனிதனிடம் வந்தது என்பது பொருந்தும்.

இதில் நம் மலைக்கும் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி தென்னிந்தியாவுக்கே சிறப்பாக உரியது. அகத்தியமலைச் சரிவுகளில் விடியற்காலையில் இன்றும் அதன் கூவலைக் கேட்கலாம். 2008-இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். வீட்டுக் கோழிகள் பலவற்றின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறம் சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. சாம்பல் காட்டுக்கோழியோடு ஏற்பட்ட கலப்பினால் வந்தது என்பதே அது. உலகின் எந்த மூலையிலாவது மஞ்சள் கால் கொண்ட கோழி ஒன்று நடக்குமாயின், அதன் காலில் நம் மலையின் சாயல் இருக்கிறது.

தமிழருக்குக் கோழி புதிதன்று. முருகப் பெருமானின் கொடியில் சேவல் உண்டு. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. சேவல் ஒன்று யானையை எதிர்த்து வென்ற இடம் என்பது அதன் பழங்கதை. எனினும் கொடியில் இடம் பெற்றது சேவலே. வீட்டைக் காத்த பெட்டைக்குக் கொடியும் இல்லை, கதையும் இல்லை.

அந்தப் பெட்டையின் கணக்கு மிகச் சிறியது. நாட்டுக்கோழி ஒரு முறைக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பின் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அதன் பிறகு இரண்டு மாதம் குஞ்சுகளோடு அலையும். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டை கிடைத்தால் பெரிது. ஆனால் அதற்குத் தீனிச் செலவு இல்லை. உமியும், தவிடும், சிந்திய அரிசியும், கரையானும், புழுவுமே உணவு. நிலம் ஆடவர் பெயரில் இருந்தது. தென்னை மரத்துக் காசு ஆடவர் கையில் இருந்தது. கோழி ஒன்றே பெண்ணின் சொந்தச் சொத்து. முட்டைக் காசு எங்கே என்று கணவரும் கேட்பதில்லை.

மார்த்தாண்டத்து முட்டைச் சங்கம்

எம் பாட்டியார் பிறந்தது ஒற்றசேகரமங்கலத்தில் அன்று. விளவங்கோடு தாலுக்காவில் அருமனைப் பக்கத்தில். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதன் சந்தை ஊர் மார்த்தாண்டம். தொடுவெட்டி என்பது அதன் பழம்பெயர்.

1920-களில் இம்மார்த்தாண்டம் இந்தியா முழுவதும் பேசப்படும் ஊராயிற்று. ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராக விளங்கிய கே. டி. பால் அவர்கள் சேலத்திற் பிறந்த தமிழர். நகரத்து இளைஞருக்கு விளையாட்டுக் கூடம் கட்டுவதோடு சங்கத்தின் பணி முடியலாகாது, கிராமத்து ஏழைக்கும் அது பயன்பட வேண்டும் என்று அவர் கருதினார். அவ்வழியில் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு நிலையத்தை நிறுவி நடத்தியவர் அமெரிக்க நாட்டவராகிய டாக்டர் ஸ்பென்சர் ஹேட்ச். ஆன்மா, அறிவு, உடல், சமூகம், பொருள் என்னும் ஐந்து துறைகளிலும் கிராமம் ஒருங்கே உயர வேண்டும் என்பது அவர்தம் திட்டம். தன் கையே தனக்குதவி. அறிந்தவர் அருகில் இருந்து ஆலோசனை மட்டும் சொல்ல வேண்டும் என்பது அவர்தம் முறை. 1932-இல் அவர் வெளியிட்ட ‘அப் ஃபிரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா’ என்னும் நூல் இம்முயற்சியை வெளிநாட்டாருக்கும் அறிவித்தது.

அந்நிலையம் பெரிய இயந்திரம் எதனையும் கொண்டு வரவில்லை. ஏழை வீட்டில் ஏற்கெனவே இருந்தவற்றையே எடுத்துக் கொண்டது. பனை, தேனீ, தறி, பசு, கோழி என்பன அவை. தேன் வளர்ப்புக்கு மார்த்தாண்டம் இன்றளவும் பெயர் பெற்றது அக்காலத்து விதையினாலேயாம். கோழியைப் பொறுத்தவரை அவர்கள் செய்தவை இரண்டு. முதலாவது, நல்லினச் சேவல்களைத் தருவித்து நாட்டுப் பெட்டைகளோடு கலக்கச் செய்தது. பெட்டை மாறவில்லை, வீடு மாறவில்லை, சேவல் ஒன்றே மாறிற்று. குஞ்சு பெரிதாயிற்று, முட்டையும் பெரிதாயிற்று. இரண்டாவது, முட்டை விற்கும் சங்கம். தனித்தனியே தரகரிடம் விற்றால் கிடைப்பது அற்பம். கூடி விற்றால் விலை சொல்லலாம். முட்டை விற்பனைச் சங்கமாகத் தொடங்கிய இது 1939-க்குள் தன்னைத் தானே ஆளும் கூட்டுறவுச் சங்கமாக வளர்ந்துவிட்டது.

எம் கொள்ளுப்பாட்டியார் அச்சந்தையிலிருந்து கற்று வந்த விதிகள் மூன்று என்று பாட்டியார் சொல்வதுண்டு. விற்கும் முட்டைக்குச் சேவல் கூடாது. அடைக்கு வைக்கும் முட்டைக்கு மட்டுமே சேவல் வேண்டும். முட்டையைக் கழுவலாகாது. விளக்கின் முன் பிடித்துப் பாராத முட்டையைக் கூடையில் வைக்கலாகாது. இவ்விதிகளின் காரணம் தெளிவு. சேவல் சேர்ந்த முட்டையில் உயிர் உண்டு. நம் நாட்டு வெயிலிலேயே கரு வளரத் தொடங்கி, பின் அழிந்து, முட்டை கெட்டுவிடும். சேவல் சேராத முட்டை நெடுநாள் கெடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய் நுண்துளை வழியே அழுக்கு உட்புகும். விளக்கின் முன் பிடித்தால் கூமுட்டை தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும்.

அந்நாளில் மார்த்தாண்டத்துக்கு இரயில் இல்லை என்பதையும் அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் தம்பானூருக்கு இரயில் வந்ததே 1931-இல். அங்கிருந்து பாறசாலை, குழித்துறை வழியாக நாகர்கோவிலுக்கு இருப்புப் பாதை திறந்தது 1979-இல். உமியிலும் வைக்கோலிலும் பொதிந்த முட்டை கரடுமுரடான சாலையில் பயணம் செய்து உடையாமற் சேர வேண்டும். பார்சல் அலுவலகத்தில் இருக்கும் நமக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

மார்த்தாண்டம் தனித்து நிற்கவில்லை. ஆர்க்காட்டு மிஷன் காட்பாடியில் நடத்திய வேளாண் நிலையமும் நல்லினக் கோழியை ஊர்களிற் பரப்பிற்று. அக்காலத்தில் இந்தியாவெங்கும் இதற்குப் பெரிதும் பயன்பட்ட இனம் வெள்ளை லெகார்ன். இத்தாலி நாட்டு லிவோர்னோத் துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரே லெகார்ன். 1828-ஐ ஒட்டி அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு, பின் உலகெங்கும் பரவிய இனம் அது. அதன் கால் மஞ்சள். நம் மலைக் காட்டுக்கோழியின் நிறம் இத்தாலியும் அமெரிக்காவும் சுற்றி, மீண்டும் தென்னாட்டுக்கே வந்து சேர்ந்தது. சீமைக் கோழி என்று நாம் அழைத்தது பாதி நம்முடைய கோழியே.

இரண்டு மாநிலம், ஒரு பஞ்சாரம்

எம் பாட்டியார் மணமாகி ஒற்றசேகரமங்கலத்துக்கு வந்தபோது சீதனத்தோடு ஒரு பஞ்சாரமும் இரண்டு பெட்டைகளும் வந்தன. மாமியார் முகம் சுளித்தாராம். ஒரே ஆண்டில் அயல் வீடுகள் அடைமுட்டை கேட்டு வரத் தொடங்கின. பாட்டியார் எவருக்கும் இல்லை என்றதில்லை. கோழியை வாரத்துக்கு விடுவார். பொரித்த குஞ்சில் பாதி இவருக்கு, பாதி வளர்த்தவருக்கு. பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை. எனினும் ஒரு குஞ்சும் கணக்கில் குறைந்ததில்லை என்பார்.

ஒரு வேனிலில் எல்லாம் அழிந்தது. தமிழில் வெள்ளைக் கழிச்சல் என்றும், அப்பக்கத்தில் கோழி வசந்தை என்றும் சொல்லப்படும் நோய் புகுந்தது. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், அதனை அடுத்து நம் நாட்டில் குமாயூன் மலையிலுள்ள இராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டமையால் மருத்துவர் அதனை இராணிக்கேத்து நோய் என்பர். முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் அதற்குத் தடுப்பு மருந்து கண்டனர். ஆனால் அது எம் ஊர்ப் புறக்கடைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு வாரத்தில் கூடு காலியாயிற்று. பாட்டியார் அழுது கொண்டிருக்கவில்லை. நடந்தே பிறந்த வீட்டுக்குச் சென்று, தவிட்டில் பொதிந்த பதின்மூன்று முட்டைகளோடு திரும்பி வந்தார். அயல் வீட்டு அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கினார். பதினொன்று பொரித்தன. எம் வீட்டுக் கோழிக் குலம் அப்பதினொன்றின் வழிவந்தது.

பின்னர் எல்லைப் போராட்டம் வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணி அவர்களும் தமிழ் வழங்கும் தாலுக்காக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டதும், 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியானதும் அன்பர்கள் அறிந்தவையே. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கேட்கப்பட்ட தாலுக்காக்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே இரவில் பாட்டியாரின் பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மற்றொரு மாநிலத்திலும் ஆயின.

அரசியலாருக்கு அது வெற்றியும் தோல்வியும் கலந்த நாள். பாட்டியாருக்கோ சந்தை நாள். அடுத்த வாரமும் அவர் முட்டைக் கூடையோடு தெற்கே சென்றார். எம் தந்தையார் பள்ளியிறுதித் தேர்வு எழுதிய ஆண்டில் தேர்வுக் கட்டணத்துக்கு வீட்டில் காசில்லை. கேட்டதற்குப் பாட்டியார் சொன்ன விடை எம் குடும்பத்தில் பழமொழியாகவே நின்றுவிட்டது: “மக்களே, நீ படி. கோழி கட்டும்.”

கூண்டு வந்த கதை

பின்னர் வந்த மாற்றம் விரைவானது. 1970-களுக்குப் பின் கோழி வளர்ப்பு வீட்டுத் தொழில் என்னும் நிலை மாறிப் பெருந்தொழிலாயிற்று. கோவை, நாமக்கல் பகுதிகளில் கம்பிக் கூண்டுப் பண்ணைகள் எழுந்தன. 1982-இல் டாக்டர் பி. வி. ராவ் அவர்களின் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றி, பண்ணையாளரே முட்டை விலையை அறிவிக்கும் முறை வந்தது. நாமக்கல் முட்டை கேரளமெங்கும் நிறைந்தது.

இதன் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. ஒரு கூண்டுக் கோழி 72 வாரத்துக்குள் 300 முட்டைக்கு மேல் இடுகிறது. முட்டை மலிந்தது. பணக்காரர் பண்டம் ஏழையின் தட்டுக்கும் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. நாட்டுக்கோழியை நம்பி இது நடந்திராது.

ஆயினும் மார்த்தாண்டத்தார் தொடங்கியதும் இதுவும் ஒன்றல்ல. அவர்கள் சேவலை மாற்றினர். கோழியைப் பெண்ணின் கையிலிருந்து பிரிக்கவில்லை. கூண்டு முறையிலோ கோழிக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை. சிறகை விரிக்க இடமில்லாத கம்பித் தளம். ஒன்றையொன்று கொத்தாதிருக்க நுனி வெட்டப்பட்ட அலகு. அடைக்கு உட்காரும் இயல்பே தேர்ந்தெடுப்பினால் மறைந்து போன இனம். ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறைந்ததும் கழித்த கோழி என்று லாரியில் ஏற்றி விற்றுவிடுவர். நாட்டுக்கோழி ஐந்தாறு ஆண்டு வாழ்ந்து அடைகாக்கும் என்பதை எண்ணினால் இது பாதி ஆயுள் கூட அன்று.

இக்காலத்தில்தான் நாம் ஒரு பிழை செய்தோம். பாட்டியார் மறைந்தபின் புரையிடத்தையும் கோழிகளையும் பார்த்து வந்தவர் எம் சித்தியார்; தந்தையாரின் தம்பி மனைவி; இளமையில் கணவரை இழந்தவர். அவருக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம். கடையில் முட்டை இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது கீரியோடும் பருந்தோடும் ஏன் போராட வேண்டும், கோழியை ஒழித்துவிட்டு ஓய்வாக இருங்கள் என்பது அதன் சாரம். சித்தியார் விடை எழுதவில்லை. கோழியையும் ஒழிக்கவில்லை.

லாரியிலிருந்து இறங்கிய பதினைந்து

2017-ஆம் ஆண்டு வேனில் விடுமுறையில் நாம் குடும்பத்தோடு ஊரில் இருந்தோம். வடக்கேயிருந்து கழித்த கோழிகளை ஏற்றி வந்த லாரி ஒன்று எல்லைச் சாலையில் பழுதுபட்டு நின்றது. உச்சி வெயில். கூடைகளில் நெருங்கிக் கிடந்த கோழிகள் வாய் பிளந்து மூச்சிறைத்தன. சில ஏற்கெனவே இறந்திருந்தன. ஓட்டுநர் வந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். சித்தியார் ஒன்று நாற்பது ரூபாயாகப் பதினைந்து கோழி வாங்கினார். உண்மையைச் சொல்வதானால், அருளால் வாங்கியதன்று, குழம்புக்கென்றே வாங்கினார்.

முற்றத்தில் இறக்கிவிட்டபோது அவை நடக்கவில்லை. இறக்கிய இடத்திலேயே நின்றன. மண் என்பது காலுக்குப் புதிது. கழுத்திலும் முதுகிலும் இறகில்லை. கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கம்பியில் தேயாது வளர்ந்த நகம் வளைந்திருந்தது. கால் மட்டும் நல்ல மஞ்சள். நம் மகள், அப்போது எட்டு வயது, “சித்திப் பாட்டி, இதுகளுக்கு நடக்கப் படிச்சுக் கொடுக்கணுமா?” என்று கேட்டாள். சித்தியார் சிறிது நேரம் பேசவில்லை. பின் கையிலிருந்த கத்தியை அடுக்களைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த சில வாரங்களில் சித்தியார் செய்தவற்றை நாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். சிறுநிலம் உடைய உறவினர் ஊரில் உள்ள அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி அவற்றை இங்குத் தருகின்றோம்.

வந்த கோழிகளை நாட்டுக்கோழிகளோடு உடனே சேர்க்கவில்லை; மூன்று வாரம் தனியே வைத்தார். நோய் இருப்பின் வெளிப்பட அக்காலம் வேண்டும். முதல் நாட்களில் நிழலிலேயே வைத்து, காலை மாலை மட்டும் வெயில் காட்டினார். காலைப் பிடித்துத் தூக்க எவரையும் விடவில்லை. இரண்டு கையாலும் உடலை அணைத்தே தூக்கச் செய்தார். ஓடு செய்யத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து இட்டு இட்டு, கூண்டுக் கோழியின் எலும்பு நொய்ந்திருக்கும். காலைப் பிடித்தால் முறியும். நுனியற்ற அலகினால் தரையில் சிந்திய மணியைப் பொறுக்க இயலாதாகையால் ஆழமான சட்டியில் தீனி வைத்தார். நாட்டுத் தீனி ஒன்றையே கொடுத்தால் அவை தாங்கா எனக் கண்டு, கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தோடு தவிட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். உடைத்த கிளிஞ்சலைத் தனியே ஒரு சிரட்டையில் வைத்தார். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது தீனியில் இல்லையாயின் உடலிலிருந்தே போகும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கோழி வசந்தைக்குத் தடுப்பூசி போட்டார். கிளையேறத் தெரியாதவற்றுக்கு அரை அடி உயரத்தில் ஒரு கழியைக் கட்டி, வாரந்தோறும் சிறிது உயர்த்தினார்.

முதல் வாரத்தில் மூன்று இறந்தன. பிழைத்தவை பன்னிரண்டு. அவற்றுக்கு ஆசிரியராய் அமைந்தது எம் பாட்டியார் காலத்துக் குலத்தில் வந்த கிழட்டு நாட்டுப் பெட்டை ஒன்று. மண்ணைக் கிளறுவதை அது செய்ய, இவை பார்த்துச் செய்தன. புழுதியில் புரண்டு குளிப்பதை அதனிடமே கற்றன. மேலே பருந்து வட்டமிட்டால் நாட்டுப் பெட்டை ஒருவிதமாய்க் குரல் கொடுக்கும். முதலில் இவை அண்ணாந்து வெறித்து நின்றன. ஒரு மாதத்துக்குள் அக்குரல் கேட்டதும் மரச்சீனிச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்தன. இறகு உதிர்ந்து புதிதாய் முளைத்தது. கொண்டை சிவந்தது. ஓணம் முடிந்த சில நாளில் முதல் முட்டை வந்தது என்று சித்தியார் தொலைபேசியில் தெரிவித்தார். பிறகு நாளொன்றுக்கு ஐந்தும் ஆறுமாய் வந்தன. கூண்டில் இட்ட அளவு இல்லை. ஆனால் உண்ணவும் விற்கவும் போதுமானது. முட்டை நின்றபின்னும் அவற்றைச் சித்தியார் அறுக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் காலம் முடிந்தே மறைந்தது. நெடுநாள் இருந்தது 2021 வரை வாழ்ந்தது.

அதே 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியச் சட்ட ஆணையம் கூண்டுக் கோழிகளின் நிலை குறித்துத் தன் 269-ஆம் அறிக்கையை அளித்தது என்பதைப் பிற்பாடு அறிந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய முறை வெற்றுக் கம்பிக் கூண்டு 2012 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 2005 முதல் ஒரு தொண்டு நிறுவனம், கழித்த கோழிகளைப் பண்ணையிலிருந்து பெற்று வீடுகளுக்கு அளித்து வருகிறது. நாற்பது ரூபாய் கொடுத்துச் சித்தியார் செய்ததும் அதுவே. அவர் அதனைத் தொண்டு என்று சொல்லவில்லை. வீட்டு வேலை என்றே சொன்னார்.

முடிவுரை

இக்கட்டுரையால் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. கோழியை மேம்படுத்தியவர் பலர். ஆராய்ச்சி நிலையமும், மிஷனும், அரசும், பண்ணையாரும் அதிற் பங்கு பெற்றனர். அவர்தம் பெயர்கள் நூல்களில் உள்ளன. எழுத வேண்டியதே. ஆனால் நோய் வந்து கூடு காலியானபோதும், எல்லை பிரிந்தபோதும், மலிவு முட்டை வந்து மதிப்புக் குறைந்தபோதும் கோழிக் குலம் அறாமற் காத்தவர், பெயர் எழுதப்படாத பெண்டிர். மார்த்தாண்டத்து முயற்சி தழைத்தது, அது அப்பெண்டிர் கையை நம்பியதனால். கேரளத்தில் 1998 முதல் நடைபெறும் குடும்பஸ்ரீயின் மகளிர் குழுக்கள் இன்று புறக்கடையில் கோழி வளர்ப்பதும், மண்ணுத்தியிலும் ஐதராபாத்திலும் புறக்கடைக்கென்றே புதுக் கோழியினம் உருவாக்கப்பட்டதும், அப்பழைய வழி முற்றும் மூடிவிடவில்லை என்பதற்குச் சான்றாம்.

பார்சல் அலுவலகத்தில் சில நாள் ஒருநாள் குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் வருகின்றன. பொரித்த குஞ்சு, வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவினால் இரண்டு மூன்று நாள் உணவின்றியே உயிர் தாங்கும். அதனாலேயே இவ்வளவு தூரம் இரயிலில் வர முடிகிறது. பெட்டியைப் பதிவு செய்யும்போதெல்லாம் காலனியில் வாழும் நம்மை எண்ணிக் கொள்வோம். ஊரிலிருந்து கொண்டு வந்த சிறிதளவு கருவினால்தான் நாமும் இங்கு உயிர் தாங்குகிறோம். ஆனால் அது சில நாளைக்கே. பின் தீனி வேண்டும்.

சென்ற ஆண்டு புரையிடத்தை விற்பது குறித்துப் பேச்சு வந்தது. உறவினர் சிலர்க்குப் பணம் வேண்டும். நமக்கும் மகளின் படிப்புச் செலவு உண்டு. நம் கையொப்பம் கேட்டு வந்த தாளை மூன்று வாரம் மேசையில் வைத்திருந்தோம். இறுதியில் கையொப்பமிடாது திருப்பி அனுப்பினோம். சித்தியார் கோழி வளர்க்கும் வரை எம் பங்கைக் கேட்பதில்லை என்று எழுதிச் சேர்த்தோம். முன்பு எழுதிய கடிதத்துக்கு இதுவே நாம் கேட்ட மன்னிப்பு. இம்முறை சித்தியார் விடை எழுதினார். கடிதத்தில் நலம் விசாரித்தலோடு ஒரே ஒரு செய்தி: “மஞ்சக்காலி ஒண்ணு வாங்கினேன். நாட்டுக்கோழி கூட நல்லா மேயுது.”

அன்பர்களே! அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பாட்டியாரிடமோ சித்தியாரிடமோ அவர்தம் கோழியைப் பற்றியோ, பசுவைப் பற்றியோ, தறியைப் பற்றியோ கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். அப்பக்கங்கள் சேர்ந்தால் அதுவும் தமிழர் வரலாறே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!